புகையானைத் தாங்கும் நெல்: மரபணு மார்க்கர் என்ன செய்யும், என்ன செய்யாது

ஈரோடு மாவட்டத்துத் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல் வைப்பவர்களுக்குப் புகையான் பூச்சியைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. வரப்பில் நின்று பார்த்தால் வயல் பச்சையாகத்தான் இருக்கும். இறங்கி, தூரைக் கையால் விலக்கி, தண்ணீர் மட்டத்துக்கு ஒட்டிப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். எள்ளு அளவில் குஞ்சுகள், நொய்யரிசி அளவில் பெரியவை, எல்லாம் பழுப்பு நிறம், தண்டில் அப்பிக்கொண்டிருக்கும். விரலைக் கொண்டுபோனால் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து தண்டுக்கு மறுபுறம் போய்விடும். அப்புறம் வயலுக்கு நடுவில் ஒரு வட்டம் மஞ்சளாகும், மஞ்சள் வைக்கோல் நிறமாகும், வட்டம் விரியும். புகை அடித்த மாதிரி பயிர் கருகி நிற்பதால்தான் அதற்குப் புகையான் என்று பேர்.

சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் வயலில் அது வந்தபோது, டவுனில் ஒரு மருந்துக் கடையில் கேட்டேன், ஒரு கலவை மருந்தை எடுத்துக் கொடுத்தார்கள். அடித்த நாலாம் நாள் வயல் சுத்தமாக இருந்தது. மூன்று வாரம் கழித்து முன்பைவிட அதிகமாக வந்து உட்கார்ந்தது, ஒன்றே கால் ஏக்கரில் அரை ஏக்கர் போயிற்று. அந்த மருந்தில் இருந்தது செயற்கைப் பைரித்ராய்டு வகை என்பது பிறகுதான் தெரிந்தது. இந்த வகை மருந்துகள் வயலில் இருக்கிற சிலந்தியையும், புகையான் முட்டையைத் தின்கிற பச்சை நிற மிரிட் நாவாய்ப்பூச்சியையும் கொன்றுவிடும். ஆனால் புகையான் முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும். பொரிந்து வரும் குஞ்சுகளுக்குக் காவல் இல்லாத வயல் கிடைத்துவிடும். இந்தோனேசியாவில் இதே கதை ஒரு தேசத்தின் அளவுக்கு நடந்து, 1986இல் அந்த அரசாங்கம் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது.

அன்றைக்குப் பக்கத்து வயல் அண்ணன் கேட்டார்: "ஏனுங்க தம்பி, இதைத் தாங்கற மாதிரி ஒரு நெல்லையே கண்டுபுடிக்க மாட்டாங்களா?" அவருக்குச் சொல்ல அப்போது என்னிடம் பதில் இல்லை. படித்துப் பார்த்தபோது பதில் நம்ம ஊருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

கோயமுத்தூரில் நெல் இனவிருத்தி நிலையம் தொடங்கியது 1912இல். 1921இல் வெளிவந்த ஜி.இ.பி. 24, கிச்சிலிச் சம்பா என்று நம் தாத்தாக்கள் சொன்ன சன்ன அரிசி, அங்கே வந்ததுதான். அந்த ஜி.இ.பி. 24ஐயும் கோ 18ஐயும் சேர்த்துத் திரூர்க்குப்பத்தில் உருவாக்கிய ரகம் டி.கே.எம். 6. குருத்துப்பூச்சியை ஓரளவு தாங்கும் என்பதற்காக பிலிப்பைன்ஸில் இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் அதை ஒட்டுக்கு, அதாவது மகரந்தம் சேர்த்து இரண்டு ரகத்தைக் கலப்பதற்கு, எடுத்துக்கொண்டார்கள். நம்மூரில் பல வருஷம் ஓடிய ஐ.ஆர். 20க்கு டி.கே.எம். 6தான் ஒரு பக்கத்துப் பெற்றோர்.

1971இல் அந்தப் பிலிப்பைன்ஸ் நிலையத்தில் அத்வால், பதக் முதலியவர்கள் புகையான் எதிர்ப்பு எப்படிப் பரம்பரையாக இறங்குகிறது என்று முதன்முதலாகப் பிரித்துக் காட்டினார்கள். முட்கோ, எம்.டி.யு. 15, கோ 22 ஆகிய மூன்று நெல் ரகங்களிலும் ஒரே மரபணு இருந்தது, அதற்குப் புகையானின் ஆங்கிலப் பேரைச் சுருக்கி பி.பி.எச். 1 என்று பேர் வைத்தார்கள். அம்பாசமுத்திரத்து ஏ.எஸ்.டி. 7இல் வேறு ஒன்று இருந்தது, அது பி.பி.எச். 2. அதாவது உலகத்தில் புகையான் எதிர்ப்பு மரபணுக்களுக்கு ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கியபோது, முதல் எண்ணிலும் ஒரு தமிழ்நாட்டு நெல், இரண்டாம் எண்ணிலும் ஒரு தமிழ்நாட்டு நெல். கோ 22 கோயமுத்தூர்க்காரன். இதைப் படித்த அன்று உண்மையாகவே எழுந்து நடந்தேன், உட்கார முடியவில்லை.

டி.கே.எம். 6 கதை இதைவிட ருசியானது. அந்த ரகத்தைப் புகையான் தின்றுவிடும். எதிர்ப்பே கிடையாது. ஆனால் அதன் பிள்ளைகளில் சில தாங்கி நின்றன. எப்படி என்று தோண்டிப் பார்த்தால், டி.கே.எம். 6இல் பி.பி.எச். 1 இருக்கிறது, கூடவே அதை அமுக்கி வைக்கிற இன்னொரு மரபணுவும் இருக்கிறது. ஒட்டுக்கட்டும்போது அமுக்குகிறவன் விலகிப் போன பிள்ளைகளில் எதிர்ப்பு வெளியே வந்தது. அப்படி வந்ததுதான் 1973இல் வெளியிடப்பட்ட ஐ.ஆர். 26. கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தால் டி.கே.எம். 6ஐ முதல் நாளே ஒதுக்கியிருப்பார்கள்.

ஐ.ஆர். 26 பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் பெரும்பரப்பில் பரவியது. மூன்று வருஷம்தான். அதைத் தின்னப் பழகிய புகையான் வந்துவிட்டது. உடனே 1976இல் பி.பி.எச். 2 வைத்த ஐ.ஆர். 36, அப்புறம் 1982இல் பி.பி.எச். 3 வைத்த ஐ.ஆர். 56. ஒவ்வொரு பூட்டாகப் போட, திருடன் ஒவ்வொரு சாவியாகச் செய்துகொண்டே வந்தான். ஐ.ஆர். 36 மட்டும் கொஞ்சம் அதிகமாகத் தாக்குப்பிடித்தது. 1980களில் உலகத்தில் ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் அது நின்றது. நமக்கு வலிக்கிற விஷயம் ஒன்று உண்டு. இந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கிற புகையான் வேறு சாதி. கோ 22இன் மரபணு அங்கே இருந்த பூச்சியைச் சில வருஷமாவது தடுத்தது, நம்ம வயலில் இருக்கிற பூச்சியை அது தடுப்பதில்லை. பி.பி.எச். 2ம் அப்படித்தான்.

நம்ம பக்கத்துப் புகையானுக்கு எதிராக நிற்பவை முக்கியமாக இரண்டு பழைய ரகங்கள். ஒன்று இலங்கையின் ரத்து ஹீனட்டி, 'ரத்து' என்றால் சிங்களத்தில் சிவப்பு. இன்னொன்று பி.டி.பி. 33. இந்தப் பி.டி.பி. என்பது பட்டாம்பி, வாளையாறு தாண்டிப் பாலக்காடு கடந்தால் பாரதப்புழைக் கரையில் இருக்கிற ஊர். பொள்ளாச்சிப் பக்கத்து ஆழியாறு கடைசியில் போய்ச் சேர்வதும் அந்தப் பாரதப்புழையில்தான். நம்ம மலைத் தண்ணீர் போய்ச் சேர்கிற ஆற்றின் கரையில், உலகம் முழுக்கப் புகையான் ஆராய்ச்சிக்காரர்கள் அளவுகோலாக வைத்திருக்கிற நெல் இருக்கிறது.

சரி, அப்படியானால் பி.டி.பி. 33ஐயே நட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே? முடியாது. அது பழைய ரகம், இன்றைக்கு நாம் எதிர்பார்க்கிற விளைச்சலோ பொன்னி மாதிரி சன்ன அரிசியோ அதில் கிடைக்காது. நமக்கு வேண்டியது பொன்னி அரிசி, அதில் பட்டாம்பி நெல்லின் அந்த ஒன்றிரண்டு மரபணு மட்டும். பாலில் விழுந்த மஞ்சளில் வாசனையை மட்டும் வைத்துக்கொண்டு நிறத்தை எடுக்கச் சொல்கிற மாதிரி வேலை இது. இங்கேதான் மார்க்கர் வருகிறது.

நெல்லின் டி.என்.ஏ. 12 குரோமோசோம்களில் கிட்டத்தட்ட 39 கோடி எழுத்துகள் நீளம். முழுவதையும் பல நாடுகள் சேர்ந்து படித்து 2005இல் வெளியிட்டன. இந்தியா 11ஆம் குரோமோசோமில் பங்கு எடுத்துக்கொண்டது. அந்த எழுத்து வரிசையில் அங்கங்கே ஒரே அசை திரும்பத் திரும்ப வரும் இடங்கள் உண்டு. ஒரு ரகத்தில் அது 15 தடவை வரும், இன்னொன்றில் 20 தடவை வரும். அந்தத் துண்டுக்கு வேறு வேலை எதுவும் இருக்க வேண்டியதில்லை, நீளம் வித்தியாசப்பட்டால் போதும், அதை வைத்து இது அப்பனிடமிருந்து வந்ததா அம்மாவிடமிருந்து வந்ததா என்று சொல்லிவிடலாம். அப்படி ஓர் இடம் எதிர்ப்பு மரபணுவுக்குப் பக்கத்திலேயே இருந்தால் அதுதான் மார்க்கர்.

ஊரில் வழி சொல்கிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கதவு எண் யாருக்கும் தெரியாது, "பிள்ளையார் கோயிலுக்கு ரெண்டாவது வீடு" என்போம். கோயில் மார்க்கர், வீடு மரபணு. கோயில் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதோ அவ்வளவு நம்பிக்கை. ஒட்டுக்கட்டும்போது ஒவ்வொரு தலைமுறையிலும் இரண்டு பெற்றோரின் குரோமோசோம்களும் ஒன்றுக்கொன்று துண்டு மாற்றிக்கொள்ளும். அந்த வெட்டு கோயிலுக்கும் வீட்டுக்கும் நடுவில் விழுந்தால், கோயில் இங்கே இருக்கும், வீடு அங்கே போயிருக்கும், நாம் ஏமாந்துபோவோம். அதனால் வீட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு மார்க்கர் வைத்துப் பார்ப்பார்கள். மரபணுவையே பிரித்தெடுத்துப் படித்துவிட்டால் இன்னும் நல்லது, வீட்டுக் கதவையே தட்டிப் பார்க்கலாம். புகையான் மரபணுக்களில் முதலில் அப்படிப் பிரித்தெடுக்கப்பட்டது பி.பி.எச். 14, சீனாவின் வூஹான் பல்கலைக்கழகத்தில், 2009இல். அது ஒரு காட்டு நெல்லிலிருந்து வந்தது. ரத்து ஹீனட்டியின் பி.பி.எச். 3ஐ 2015இல் திறந்து பார்த்தபோது அது ஒரு மரபணு இல்லை, பக்கத்து பக்கத்தில் நிற்கிற மூன்று என்று தெரிந்தது.

எங்கள் அக்கா மகன் பயிர் இனப்பெருக்கம் படிக்கிறான். அவன் கூட்டிப்போய்க் காட்டியதால் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று கிட்டத்தில் பார்த்தேன். நாற்று மூன்று வாரம் ஆனதும் ஒவ்வொன்றிலும் இலை நுனியில் விரல்கடை நீளம் கத்தரிக்கிறார்கள். நாற்றுக்கு எண் போட்ட சின்னக் குச்சி, அதே எண் போட்ட சின்னக் குப்பி. இலையை அரைத்து டி.என்.ஏ.வைப் பிரித்து, பி.சி.ஆர். இயந்திரத்தில் அந்த ஒரு துண்டை மட்டும் கோடிக்கணக்கில் பெருக்கி, கடற்பாசியிலிருந்து எடுத்த ஜெல் பலகையில் விட்டு மின்சாரம் பாய்ச்சினால், சின்னத் துண்டு வேகமாக ஓடும், பெரிய துண்டு பின்தங்கும். விளக்கின் அடியில் ஏணிப்படி மாதிரி கோடுகள். பொன்னிக் கோடு ஓர் உயரத்தில், பட்டாம்பிக் கோடு வேறு உயரத்தில், இரண்டும் இருந்தால் அந்த நாற்றில் மரபணு ஒரு பிரதி இருக்கிறது. வயலில் நடுவதற்கு முன்பே தெரிந்துவிடும். வேண்டாத நாற்றைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

இதில் மிச்சமாகிற காலத்தைக் கணக்குப் போட்டால்தான் அருமை புரியும். பொன்னிக்கும் பட்டாம்பிக்கும் பிறந்த முதல் பிள்ளையில் பாதிப் பாதி. அதைத் திரும்பப் பொன்னியோடு சேர்த்தால் பட்டாம்பிப் பங்கு சராசரியாக நூற்றுக்கு 25, மறுபடியும் சேர்த்தால் 12.5, மூன்றாம் தடவை 6.25. ஒவ்வொரு தடவையும் பிள்ளைகளில் பாதிப்பேரிடம்தான் நாம் தேடுகிற மரபணு இருக்கும். எதில் இருக்கிறது என்று மார்க்கர் இல்லாமல் தெரிய வேண்டுமானால் பூச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். அதிலும் ஆனைக்கொம்பன் என்ற ஈக்கு எதிரான ஜி.எம். 3 மாதிரி ஒடுங்கு வகை மரபணுவாக இருந்தால் ஒற்றைப் பிரதியில் வெளியே தெரியவே தெரியாது. ஒவ்வொரு தடவையும் ஒரு போகம் தன் மகரந்தத்தில் விதை எடுத்துச் சோதித்துப் பார்த்த பிறகுதான் அடுத்த ஒட்டு. மார்க்கர் இருந்தால் அந்தப் போகம் தேவையில்லை. அதோடு, மற்ற 11 குரோமோசோமிலும் மார்க்கர் ஓட்டிப் பார்த்து, எந்த நாற்று பொன்னிக்கு அதிகமாகத் திரும்பியிருக்கிறதோ அதையே பொறுக்கலாம்.

ஆனால் காலம் மிச்சமாவது பெரிய லாபம் இல்லை என்பது என் எண்ணம். பெரிய லாபம், இரண்டு மரபணுவை ஒரே நெல்லில் வைக்க முடிவது. ஒரு மரபணு இருக்கிற செடியும் தாங்கும், இரண்டு இருக்கிற செடியும் தாங்கும், பூச்சியை விட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி பச்சையாக நிற்கும். எதில் ஒன்று, எதில் இரண்டு என்று கண்ணும் சொல்லாது, பூச்சியும் சொல்லாது. ஜெல் பலகை சொல்லும். இரண்டுக்கும் ஒற்றைப் பிரதி இருக்கிற செடியில் விதை எடுத்தால், 16இல் ஒன்றில்தான் இரண்டும் இரட்டைப் பிரதியாக நிலைத்திருக்கும். 160 நாற்று விட்டால் பத்தே பத்து. அந்தப் பத்தைக் கண்டுபிடிக்கச் சுலபமான வேறு வழி இருந்ததில்லை. ஒரே நேரத்தில் இரண்டு பூட்டையும் திறக்கிற பூச்சி பிறப்பது ரொம்ப அபூர்வம், அதனால்தான் இந்தப் பாடு. ஆனால் எந்த இரண்டு என்பது முக்கியம். பி.பி.எச். 1, 2, 9, 18, 26 என்று தனித்தனி எண் போட்ட பல மரபணுக்கள், 12ஆம் குரோமோசோமில் ஒரே இடத்தில் இருக்கிற ஒரே மரபணுவின் வேறு வேறு வடிவங்கள் என்று 2016இல் தெரிய வந்தது. ஒரே வீட்டுக்குப் பல பேர். ஒரு குரோமோசோமில் அந்த இடத்தில் ஒருவர்தான் உட்கார முடியும், ஆகவே கோ 22இன் மரபணுவையும் ஏ.எஸ்.டி. 7இன் மரபணுவையும் ஒரே நெல்லில் நிலையாகச் சேர்க்க முடியாது. 4ஆம் குரோமோசோமில் ஒன்று, 6இல் ஒன்று என்று வேறு வேறு வீதியில் பார்த்து எடுக்க வேண்டும்.

செடி என்னதான் செய்கிறது என்று கேட்பீர்கள். புகையான் ஊசி மாதிரி வாயை இறக்கித் தண்டில் சாறு ஓடுகிற குழாயைத் துளைக்கிறது, கூடவே எச்சிலை விடுகிறது. பி.பி.எச். 14 உள்ள செடி அந்த எச்சிலில் இருக்கிற ஒரு புரதத்தை அடையாளம் கண்டு, குழாயில் கேலோஸ் என்ற பசையை வைத்து அடைத்துவிடுகிறது. பூச்சி குடிக்க முடியாமல் பட்டினி கிடக்கும். 2023இல் வூஹான்காரர்கள் இன்னொன்றும் கண்டார்கள்: பூச்சி போனதும் செடி அந்த எச்சில் புரதத்தைத் தானே செரித்து அழித்து, எதிர்ப்பையும் தணித்துக்கொள்கிறது. சண்டை நின்ற பிறகும் வீண் செலவு செய்து வளர்ச்சியைக் கெடுத்துக்கொள்வதில்லை. நெல்லுக்கு இத்தனை நிதானம் இருக்கிறது!

மார்க்கரோடு வேலை முடிவதில்லை. கோயில் இருக்கும் வீடு இருக்காது என்ற ஆபத்து எப்போதும் உண்டு, அதனால் கடைசியில் பூச்சிதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை காட்டியது ஒரு தகரத் தட்டு, அதில் மண், வரிசை வரிசையாக நாற்று. பத்து நாள் நாற்றில் ஒன்றுக்கு எட்டுப் பத்துக் குஞ்சு வருகிற மாதிரி புகையானை உதறி விட்டு வலை மூடியிருந்தார்கள். ஒரு வரிசை கிடையாகச் சாய்ந்து காய்ந்துபோயிருந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது.

"மாமா, அது டி.என். 1. அது செத்தாத்தான் சோதனை சரியா நடந்திருக்குன்னு அர்த்தம்" என்றான். தைச்சுங் நேட்டிவ் 1 என்கிற அந்த ரகத்துக்கு எதிர்ப்பே கிடையாது, அது நூற்றுக்குத் தொண்ணூறு செத்த அன்று மற்ற வரிசைகளுக்கு 0 முதல் 9 வரை மதிப்பெண். 0 என்றால் சேதமே இல்லை, 9 என்றால் எல்லாம் போயிற்று. இன்னொரு ஓரத்தில் பி.டி.பி. 33 ஒரு வரிசை, வெறும் பச்சை. நடுவில் புது நெல் வரிசைகள், சிலது மஞ்சள், சிலது பாதி, இரண்டு வரிசை பட்டாம்பிக்குச் சமமாக நிமிர்ந்து நின்றது. அந்த இரண்டு வரிசையையும் அவன் தொட்டுக்கூடப் பார்க்க விடவில்லை.

இது மரபணு மாற்றப் பயிர் கிடையாது. இதைப் பல பேர் குழப்பிக்கொள்கிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். நெல்லும் நெல்லும் மகரந்தத்தில் சேர்ந்ததுதான், வெளியிலிருந்து எதையும் செருகுவதில்லை. எந்தப் பிள்ளையை வைத்துக்கொள்வது என்று பார்க்க மட்டும் டி.என்.ஏ. பரிசோதனை. ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிலையமும் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் சேர்ந்து 2008இல் வெளியிட்ட மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி இந்த முறையில் வந்ததுதான். பாக்டீரியா இலைக்கருகலுக்கு எதிராக அதில் மூன்று மரபணு. அது நோய்க்கு, பூச்சிக்கு இல்லை, ஆனால் வழி ஒன்றே.

எல்லாப் பூச்சிக்கும் இது ஆகுமா என்றால் ஆகாது. புகையானுக்கு 40க்கு மேல் மரபணு பதிவாகியிருக்கிறது. ஆனைக்கொம்பனுக்குப் பத்துக்கு மேல், அதையும் உடைக்கிற ஏழு வகை ஈ இந்தியாவில் உண்டு. பச்சைத் தத்துப்பூச்சிக்கும் நல்ல மரபணுக்கள் இருக்கின்றன. குருத்துப்பூச்சிக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் அப்படிப் பலமான ஒற்றை மரபணு நெல்லில் கிடைக்கவில்லை, டி.கே.எம். 6இல் இருப்பது போல ஓரளவு தாங்குவதுதான் உண்டு. இல்லாததை மார்க்கர் உண்டாக்காது. அதனால்தான் அந்த இரண்டுக்கும் பி.டி. நெல், அதாவது புழுவைக் கொல்கிற பாக்டீரியா மரபணுவைச் செருகிய நெல், என்ற பேச்சு வந்தது. சீனா 2009இல் பாதுகாப்புச் சான்றிதழ் கொடுத்த பிறகும் அது வயலுக்கு வரவில்லை.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. கொடிவேரியிலிருந்து பிரிகிற தடப்பள்ளி, அரக்கன்கோட்டை இரண்டு வாய்க்காலிலும் சேர்ந்து சுமார் 24,500 ஏக்கர். ஒரு நல்ல ரகம் வந்தால் தலைமதகிலிருந்து கடைமடை வரை எல்லாரும் அதையே வைப்போம், அது நம்ம பழக்கம். ஐ.ஆர். 26 வீழ்ந்தது அப்படித்தான். அதே பி.பி.எச். 1 வைத்த ஐ.ஆர். 64 ஏன் நின்றது என்று பார்த்தால், அதில் பேர் வைக்காத சின்னச் சின்ன மரபணுக்கள் சில கூட இருந்து தாங்கின. பெரிய மரபணுவை மட்டும் மார்க்கரால் துரத்திக்கொண்டு, திரும்பத் திரும்ப ஒட்டுக்கட்டும்போது இந்தச் சின்னவற்றைக் கழித்துக் கட்டிவிடக் கூடாது என்று சொல்லத் தோன்றுகிறது. எதிர்ப்பு ரகம் என்று யூரியாவை அள்ளிப் போட்டால் எந்த மரபணுவும் ஓரளவுக்குத்தான் தாங்கும், பச்சை கூடின தண்டு புகையானுக்கு விருந்து.

பக்கத்து வயல் அண்ணனிடம் இதையெல்லாம் ஒரு சாயந்தரம் உட்கார்ந்து சொன்னேன். முழுக்கக் கேட்டார். "அந்தப் பட்டாம்பிக்காரன் நெல்லு நம்ம அரிசிக்குள்ள வர்ற வரைக்கும் என்னுங்க பண்றது?" என்றார். இந்தப் போகம் எட்டு அடிக்கு ஓர் அடி நடாத இடைவெளியாகப் பட்டம் விட்டு நட்டிருக்கிறோம், காற்றும் வெயிலும் தூரில் விழட்டும் என்று. யூரியாவை மூன்றாகப் பிரித்துப் போட்டாயிற்று. வாரம் ஒரு நாள் இரண்டு பேரும் இறங்கித் தூரை விலக்கி எண்ணுகிறோம். தூருக்கு ஒரு சிலந்தி இருந்தால் தண்டுக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம், சிலந்தி இல்லையென்றால் ஒன்றுதான் கணக்கு. போன வெள்ளிக்கிழமை எண்ணியதில் இருபது தூரில் பதினேழில் சிலந்தி இருந்தது.